கைக்குழந்தை வீட்டுப் படியேறியவர்கள்: புதுச்சேரிக் கிராமங்களில் தொண்டின் வரலாறு

புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் பிள்ளை பெற்றவளைத் தாங்கிப் பிடிப்பது நெடுங்காலம் தாய்வீட்டின் பொறுப்பாகவே இருந்தது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்துவிடுவார்கள். மருத்துவச்சிக்கு நெல்லும் புடவையும் உண்டு. பிரசவ லேகியம், பத்தியச் சோறு, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெரிந்த ஒரு கிழவி, தூளி ஆட்ட ஒரு தங்கை என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. அப்படிப்பட்ட வீட்டுக்கு வெளியார் வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. தாய்வீடு இல்லாதவள், புருஷன் விட்டுப் போனவள், கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் ஊர் ஊராய்ப் போகும் குடும்பம், விடிந்தால் நடவுக்குப் போயே ஆகவேண்டிய சேரிப்பெண் ஆகியோரின் வீடுகளில்தான் கைக்குழந்தை தவித்தது. அந்த வீடுகளுக்கு யார் போனார்கள், யார் செலவில் போனார்கள் என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்ததுதான் இந்தத் தொண்டின் வரலாறு.

இந்த ஊரின் நிலவமைப்பு தனித்த ஒரு சிக்கலை அதற்குக் கொடுத்தது. புதுச்சேரி மாவட்டம் சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான். அதுவும் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக, பழைய தென்னார்க்காட்டு நிலத்தின் நடுவே சிதறிக் கிடக்கிறது. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் ஆகிய கொம்யூன்களில் எதில் நடந்தாலும் சற்று நேரத்தில் எல்லை வந்துவிடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அது பிரிட்டிஷ் எல்லை. இப்போது தமிழ்நாட்டு எல்லை. வயலின் இந்தப் பக்கத்துக் குழந்தைக்கு ஒரு அரசு, அந்தப் பக்கத்துக் குழந்தைக்கு வேறொரு அரசு. சீட்டும் அட்டையும் உள்ள உதவி வரப்போடு நின்றுவிடும். தொண்டர்கள்தான் வரப்பைத் தாண்டிப் போனார்கள்.

எழுத்தில் பதிவான முதல் அமைப்புகள் கன்னியர் மடங்களுடையவை. அன்மரி ஜாவூவே பிரான்சில் நிறுவிய குளுனி புனித சூசையப்பர் சபையின் சகோதரிகள் 1827-இல் புதுச்சேரிக்கு வந்தார்கள். 1829-இல் ஒரு பெரிய வீடு அவர்களுக்குத் தானமாகக் கிடைத்தது. இன்று ரோமன் ரோலன் தெருவில் ஏழைப் பெண்கள் பூவேலை செய்யும் குளுனி எம்பிராய்டரி மையம் அந்த வீட்டில்தான் நடக்கிறது. 1844-இல் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த துப்புய் சுவாமியார் உள்ளூர்ப் பெண்களையே கன்னியராகக் கொண்டு மரியாளின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது அதன் முதல் வேலை. மேல்தட்டு வீட்டுப் பெண்களே எழுத்தறியாத காலத்தில் இது துணிச்சலான காரியம். பொருளுதவிக்கு அப்போது ஐரோப்பாவில் ஒரு புது வழி பிறந்திருந்தது. நான்சி ஆயர் ஃபோர்பின் ஜான்சோன் 1843-இல் ஏற்படுத்திய ‘பரிசுத்த பாலத்துவ சபை’ பிரெஞ்சுக் குழந்தைகளிடமே சில்லறைக் காசு திரட்டி, கீழ்த்திசை நாடுகளின் அநாதைக் குழந்தைகளுக்கு அனுப்பியது.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்த ஏற்பாடுகளுக்குக் கடும் சோதனை வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டவர்களுக்குப் புதுச்சேரியும் ஒரு துறைமுக நகரம், கஞ்சி கிடைக்கக்கூடிய ஊர். மடங்களும் மிஷன் வளாகங்களும் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டன, உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்த உதவிக்கு ஒரு விலை இருந்தது. பிள்ளை மடத்துக்கு வந்தது, மடம் பிள்ளையின் வீட்டுக்குப் போகவில்லை. பிழைத்த குழந்தை குடும்பத்தைவிட்டும், பெரும்பாலும் பிறந்த மதத்தைவிட்டும் விலகியே வளர்ந்தது. தாயையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்தே காப்பாற்றலாம் என்ற எண்ணம் அப்போது ஐரோப்பாவிலும் வேரூன்றியிருக்கவில்லை. அங்கே அதற்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று ‘பால் துளி’ இயக்கம். பிரான்சின் ஃபெக்காம் என்ற துறைமுக ஊரில் டாக்டர் லெயோன் துய்ஃபூர் 1894-இல் அதைத் தொடங்கினார். ஏழைத் தாய் குழந்தையோடு வருவாள். குழந்தையை எடை போட்டுப் பார்த்து, சுத்தமான பாலும் ஆலோசனையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே பாலோடு தராசும் சேர்ந்தது. அந்தத் தராசு இந்தக் கதையில் பின்னால் திரும்பவும் வரும்.

பிரெஞ்சு நிர்வாகத்துக்கும் தர்மக் கமிட்டி ஒன்று இருந்தது. நகரத்து ஏழைகளுக்கான அரிசியும் உதவிப் பணமும் அதன் வழியாக நடந்தன. 1930-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியதும் இந்நிர்வாகமே. காமராசர் காலத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே நடந்தது என்பதால் இதைப் பெருமையாகச் சொல்வது உண்டு, பெருமைக்குரியதுதான். ஆயினும் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத்தான் சோறு. பள்ளி வயது வராத பிள்ளையும், பள்ளிவரை வர முடியாத சேரியும் அந்தத் தட்டுக்கு வெளியே நின்றன.

உள்ளூர்க்காரர்களே தொண்டர்களாகச் சேரிக்குள் நுழைந்தது 1930-களில். பின்னாளில் தொழிலாளர் தலைவரான வ. சுப்பையா 1933-இல் காந்தியின் அரிசன சேவா சங்கத்தின் கிளையைப் புதுச்சேரியில் அமைத்தார்; 1934 பிப்ரவரி 17 அன்று காந்தியே புதுச்சேரிக்கு வந்து போனார். சாதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த ஊரில் மேல்சாதி இளைஞன் சேரிக்குள் காலடி வைப்பதே பெரிய செய்தி. வெகு சீக்கிரத்தில் அந்த இளைஞர்களின் வேகம் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது. 1936 ஜூலை 30 அன்று அந்தப் போராட்டத்தின்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்தனர். அதையடுத்து 1937-இல் எட்டு மணி நேர வேலைநாள் சட்டமாயிற்று. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆலைக்கு நடந்துபோன தாய் தகப்பன்மாருக்கு அதனால் வீட்டில் கூடுதலாகக் கிடைத்த நேரம், எந்தத் தருமமும் கொடுத்திராத ஒன்று.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. 1823-இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழியில் 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964-இல் அதுவே ஜிப்மர் ஆயிற்று. நகரத்துக் குருசுக்குப்பத்திலும் கிராமத்து இராமநாதபுரத்திலும் ஜிப்மர் நடத்திய நலவாழ்வு மையங்கள் வழியாக மருத்துவ மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரம் எழுதும் பழக்கம் உண்டாயிற்று. படிப்புக்காகத்தான் போனார்கள் என்றாலும், எந்த வீட்டில் எத்தனை மாதக் குழந்தை, தடுப்பூசி போட்டதா என்பது ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறியது இந்தப் பழக்கத்தால்தான்.

இணைப்பு முடிந்த அதே 1962-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த இளம்பெண் மதலேன் ஹெர்மன் உப்பளம் பகுதியில் வேலை தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘வொலோந்தாரியா’ என்ற தொண்டு நிறுவனம். மருந்தும் பாலும் கொடுப்பதில் தொடங்கி, குழந்தைகள் காப்பகம், பள்ளி உதவி, தொழுநோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் ‘சாந்தி’ பட்டறை, துத்திப்பாக்கத்தில் ஒரு பண்ணை என்று அது விரிந்தது. தொழுநோய் வந்த தகப்பனுக்குத் தறி கிடைத்தால் அவன் பிள்ளைக்குச் சோறு கிடைக்கும். தருமச் சோற்றைவிட இது எவ்வளவோ உறுதியான வழி. பணம் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரான்சிலோ பெல்ஜியத்திலோ இருக்கும் ஒரு குடும்பம் இங்குள்ள ஒரு குழந்தையைத் தத்துப் பிள்ளைபோல் பொறுப்பேற்று மாதாமாதம் தொகை அனுப்பும். பிள்ளையின் படத்தையும் கடிதத்தையும் வருஷத்துக்கு ஓரிரு தடவை எதிர்பார்க்கும். பல நாடுகளிலும் நடந்த இந்த முறையில் ஒரு குறை உண்டு: ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் புத்தகமும் செருப்பும் வரும், தூளியில் கிடக்கும் தம்பிக்கு வராது. அதனால்தான் பிற்காலத்தில் இவ்வகை நிறுவனங்கள் பலவும் தனிக் குழந்தையைவிட்டுக் குடும்பத்துக்கும் ஊருக்கும் என்று உதவியை மாற்றிக்கொண்டன.

1975 அக்டோபர் 2 அன்று இந்திய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஊருக்குள்ளேயே ஒரு இடம் என்பது அதன் திட்டம். அங்கன்வாடி என்று அரசு பெயர் வைத்தது. சனங்கள் ‘பால்வாடி’ என்றார்கள், இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த மையத்தை நடத்தும் பெண்ணை அரசு ஊழியராக வைக்கவில்லை. மதிப்பூதியம் பெறும் தொண்டர் என்று வைத்தது. தொடக்கத்தில் மாதம் 100 ரூபாய். மெட்ரிக் தேறியவர் என்றால் 150 ரூபாய். சமைப்பது, கணக்கு எழுதுவது, எடை போடுவது, வீடு வீடாய்ப் போவது, தேர்தல் வந்தால் பட்டியல் சரிபார்ப்பது எல்லாம் அவள் தலையில். உலகத்தின் மிகப் பெரிய குழந்தை நலத் திட்டங்களுள் ஒன்று, ஒரு பெண்ணின் பாதி இனாம் உழைப்பின்மேல் கட்டப்பட்டது என்பதை அதன் பாராட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு வேறொரு முறையைச் சோதித்தது. மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 முதல் 36 மாதம்வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் சத்துமாவு உருண்டை, 90 நாளுக்கு. எடை தேறினால் நிறுத்திவிடுவார்கள். ஊர்ப் பெண்கள் கூடியே மாவை வறுத்து உருண்டை பிடித்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குச் சோறு போடுவதைவிடப் பத்து மாதக் குழந்தையின் எடையைக் கவனிப்பது அவசரம் என்பதைத் தமிழ் நிலத்தில் பெரிய அளவில் செய்து காட்டியது இந்தத் திட்டம்தான்.

இந்தக் கதையில் புதுச்சேரிக்கே உரிய அத்தியாயம் அறிவியல் இயக்கத்தோடு தொடங்குகிறது. 1985-இல் உருவான புதுவை அறிவியல் இயக்கத்தில் கல்லூரி ஆசிரியர்கள், மருத்துவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், இளைஞர்கள் எல்லாரும் இருந்தார்கள். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990-இல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அந்தச் சூட்டோடு புதுச்சேரியிலும் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. சாயங்காலம் தெருவிளக்கடியிலோ கோயில் திண்ணையிலோ ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் சம்பளமில்லாமல் பாடம் நடத்தினார்கள். கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமும் போட்டன. எழுத்துக் கற்க வந்தவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் மடியில் கைக்குழந்தையோடு வந்தார்கள் என்பது பாடத்திட்டம் எழுதியவர்கள் எதிர்பார்க்காதது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு குழந்தையின் பேதிக்கும், நர்சம்மா வராததற்கும், புருஷனின் சாராயத்துக்கும் போய்விடும். எழுத்தறிவு முடிந்த பிறகு மிஞ்சியது அந்தப் பேச்சுத்தான். அதுவே பெண்கள் குழுக்களாகவும் சேமிப்புக் குழுக்களாகவும் தொடர்ந்தது.

அறிவொளியில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் ஜிப்மர் பேராசிரியர் டாக்டர் தி. சுந்தரராமன். அவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தவரும் 1990-களின் பிற்பாதியில் ‘ஆரோக்கிய இயக்கம்’ என்ற வேலையைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தினார்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப்பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது, அவள் ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் எடை போடுவது, எடை குறைந்த பிள்ளையின் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது என்பதே அந்த வேலை.

எடை போடுவதே ஒரு சடங்கு மாதிரி நடக்கும். வேப்பங்கிளையிலோ வீட்டு உத்தரத்திலோ சுருள்வில் தராசைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் காலோடு தைத்த துணிப்பையில் குழந்தையை மாட்டுவார்கள். அது வீறிட்டு அழும். முள் நிற்காமல் ஆடும். எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று பாட்டி முறைத்துக்கொண்டு நிற்பாள். முள் நின்றதும் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். நைஜீரியாவின் கிராமம் ஒன்றில் டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் வடிவமைத்த அட்டையிலிருந்து வந்த முறை இது. மாதப் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு ஏறவேண்டும், படுத்துவிட்டால் ஆபத்து. பயிற்சி பெற்ற பெண்ணின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். ‘சத்தாகக் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருவது எளிது. ஒரு பயனும் இல்லை. அவள் கேட்கவேண்டியது வேறு. காலையில் நடவுக்கு எத்தனை மணிக்குப் போகிறாய், திரும்பும்வரை பிள்ளையை யார் பார்க்கிறார்கள், எட்டு வயது அக்காவா? அவள் ஊட்டினால் எத்தனை வாய் உள்ளே போகும்? சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைத்தார்களா? ஆறு மாதம் முடிந்தும் வெறும் பாலா? அடுத்த பிள்ளை வயிற்றில் வந்து இது சவலையாகிவிட்டதா? பதில்களைக் கேட்டுக்கொண்டு, அந்த வீட்டால் முடிகிற ஒன்றைச் சொல்லவேண்டும். காலையிலேயே பருப்புச் சோற்றைப் பிசைந்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மூடி வைத்துப் போ. பத்து மணிக்கு ஒருமுறை பாட்டி ஊட்டட்டும். இவ்வளவுதான். இதற்கும் மறு வாரம் போய்ப் பார்க்கவேண்டும். மாமியாரிடம் பேசவேண்டும், சில வீடுகளில் புருஷனிடமும்.

பிரிட்டனில் லெஸ்டர் நகரத்தில் 1973-இல் மார்கரெட் ஹாரிசன் தொடங்கிய ‘ஹோம் ஸ்டார்ட்’ என்ற அமைப்பும் இதே வழியில் போனது. பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள ஒருவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு தடுமாறும் வீட்டுக்கு வாராவாரம் போய் உடனிருப்பது அதன் முறை. அங்கே தாயின் தனிமைதான் பெரிய நோய். இங்கே நேரமின்மையும் கூலியும். ஆனால் மருத்துவமனையில் தீராத ஒன்று அடுத்த தெருப் பெண்ணால் தீரும் என்ற கண்டுபிடிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றே.

ஆரோக்கிய இயக்கத்தின் அனுபவம் தமிழகத்தோடு நிற்கவில்லை. 2002-இல் சத்தீஸ்கர் அரசு ‘மிதானின்’ திட்டத்தைத் தொடங்கியபோது அதைக் கட்டியெழுப்பிய மாநில நலவாழ்வு வள மையத்துக்குச் சுந்தரராமன் பொறுப்பேற்றார். ஏறத்தாழ 60,000 பெண்கள் அங்கே குடியிருப்புக்கு ஒருவராக வேலை செய்தார்கள். 2005 ஏப்ரலில் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் ‘ஆஷா’ பணியாளர்களை நாடெங்கும் கொண்டுவந்ததற்கு மிதானின் முக்கியமான முன்மாதிரி.

இதே காலத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் வேறொரு தொண்டர் படையை உருவாக்கியது. 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்து, கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் தகவல் மையங்கள் திறந்தார்கள். ஊர் இடம் தரவேண்டும், ஊரே தொண்டரைத் தரவேண்டும், எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரலாம் என்பவை நிபந்தனைகள். தொண்டர்களில் பெண்கள் பலர். வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் உண்டா, எந்த அரசு உதவிக்கு எங்கே மனுப் போடவேண்டும் என்பவற்றைச் சேரிக் குடும்பங்கள் எவரையும் கெஞ்சாமல் தெரிந்துகொண்டது இங்கேதான். மீனவர் ஊர்களில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே கூவி அறிவித்தார்கள். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடித் தப்பினார்கள். தகவல் மையத்தின் பயனை அளக்க வந்த ஆய்வாளர்கள் பலரும் கணிப்பொறியைப் பற்றி நிறைய எழுதினார்கள். அன்று உதவியது கூம்பு ஒலிபெருக்கி.

நகருக்கு வடக்கே, 1968-இல் தொடங்கிய ஆரோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் 1983 முதல் ஆரோவில் கிராமச் செயல்வழிக் குழு வேலை செய்கிறது. பெரும்பாலும் வானூர் வட்டாரத்து ஊர்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களே அதன் அடித்தளம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து வட்டிக்குப் போகாமல் குழுவில் கடன் வாங்க முடிவது சிறிய காரியம் இல்லை. ஊனமுற்ற குழந்தைகளைப் பொறுத்தவரை தொண்டு தாமதமாகவே வந்தது. 2003-இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி அந்த இடைவெளியில் இறங்கியது. வளர்ச்சி தாமதித்த குழந்தையைப் பேருந்தில் நகரத்துக்குத் தூக்கிவர வழியில்லாத குடும்பங்களை நாடி, பயிற்சியைக் கிராமங்களுக்கே கொண்டுபோனது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். புதுச்சேரியில் அது 20 விழுக்காடு. நாட்டிலேயே குறைந்த அளவுகளில் ஒன்று. அருகருகே மருத்துவமனைகள், சிறிய நிலப்பரப்பு, படித்த பெண்கள் என்று அதற்குக் காரணங்கள் பல. ஐந்தில் ஒரு குழந்தை இன்னும் வளர்ச்சி குன்றியே இருக்கிறது என்பதும் அதே கணக்கு.

வீட்டுக்கு வீடு போகிற பெண்ணின் ஊதியம் பற்றிய வழக்கு மட்டும் நீண்டது. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் அமீர்பீ வழக்கில் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரல் 25 அன்று மணிபென் வழக்கில் அதே நீதிமன்றம், அவர்கள் செய்வது பகுதிநேர வேலை அல்ல என்றும், பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. திட்டம் தொடங்கி அப்போது 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.